அப்பா பேர் எழுத அப்பாவும் வரணும்

ஹட்டனில் மழை விடாமல் அடித்த ஒரு காலை. பதிவாளர் அறை வாசலில் போட்டிருந்த வாங்கில் ஓர் இளம் தாய், மடியில் துவாயால் சுற்றிய கைக்குழந்தை. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவள்.

"டீச்சர், புள்ளைக்கு அப்பா பேர் போட ஏலாதாம். கல்யாணப் பத்திரம் இல்லாட்டி அந்த எடத்துல கோடு போட்டுத்தான் தருவாங்களாம்."

யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்துக் காம்பராவில், அதாவது லயத்தின் அடுத்த அறையில், இருக்கும் அத்தை சொன்னாளாம்.

"புள்ளையோட அப்பா எங்க?"

"கீழ டீக்கடையில நிக்கிறாரு டீச்சர். அவரு வந்து என்னா செய்யப் போறாரு?"

அவர்தான் வரவேண்டும். ஆளனுப்பிக் கூப்பிட்டோம். தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் இருந்து எடுத்தபோது அதிலும் ஈரம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அப்பா பேர் ஏறியது, பிள்ளைக்கு இனிஷியல் கிடைத்தது. அவர் டீக்கடையிலேயே நின்றிருந்தால் அந்த இடத்தில் கோடுதான் விழுந்திருக்கும்.

பதிவாளர் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் அவள் முகம் மாறியது. "பெற்றோர் விவாகம் செய்தவர்களா?" பத்திரம் இல்லை என்றால் பதில் "இல்லை" என்றுதான் போகும். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. மஞ்சள் கயிறு அங்கேதான் இருந்தது.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இந்த விஷயம் சிக்கலாவதற்குக் காரணம் அந்த மஞ்சள் கயிறுதான். மணமாகாத பெற்றோர் என்று சட்டம் சொல்லும்போது நம் மனதில் வருகிற படம் வேறு. தோட்டத்தில் பலர் கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டு, ஒரே காம்பராவில் பத்து வருஷம் குடும்பம் நடத்துகிறவர்கள். பதிவு மட்டும் செய்திருக்க மாட்டார்கள். தாங்கள் மணமாகாதவர்கள் என்று அவர்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை. பிள்ளையின் பிறப்புப் பத்திரம் கைக்கு வரும்போதுதான் முதல்முறை தெரியவருகிறது.

இரண்டு கையெழுத்து

பிறப்புப் பதிவுக்கு அடிப்படை, 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு இதில் சிரமமே இல்லை. விவாகப் பத்திரத்தைக் காட்டினால் கணவன் பேர் தகப்பன் இடத்தில் ஏறிவிடும். பதிவு இல்லாதவர்களுக்கு விதி வேறு. அங்கே தகப்பன் பேரை எழுதப் பதிவாளருக்கு இரண்டே வழிதான் உண்டு. தாயும், "இது என் பிள்ளை" என்று ஏற்றுக்கொள்கிற ஆணும் சேர்ந்து கேட்டு, இருவருமே பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது ஒன்று. நீதிமன்றக் கட்டளை மற்றது.

"சேர்ந்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். தாய் தனியே போய் இன்னார்தான் தகப்பன் என்று சொன்னால் போதாது. ஆண் தனியே போய் இது என் பிள்ளை என்று உரிமை கொண்டாடவும் முடியாது. மாமியார், பாட்டி, கங்காணி யார் போய்ச் சொன்னாலும் நடக்காது. தாய்க்குத் தெரியாமல் ஒருவன் பிள்ளைக்குத் தகப்பனாகிவிடக் கூடாது. ஆணுக்குத் தெரியாமல் அவன் தலையில் ஒரு பிள்ளையைக் கட்டிவிடவும் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் அது காவல்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். இதைச் சொல்லாததால் வெட்கப்பட்டு வராமல் இருந்த தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன்.

பிறப்பை 42 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் அது காலங்கடந்த பதிவு. பிரகடனம், கூடுதல் சாட்சியங்கள், மேலதிக மாவட்டப் பதிவாளர் என்று காரியம் நீண்டுவிடும். இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம்தான் போகவேண்டும். நாம் குடியிருக்கிற இடத்தவரிடம் அல்ல. மஸ்கெலியாப் பெண்ணைப் பிரசவத்தில் சிக்கல் என்று கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் பதிவு கண்டியில். தகப்பனும் அங்கே போயாக வேண்டும், ஒரு நாள் பேரை, அதாவது நாட்சம்பளத்தை, விட்டுவிட்டு. ஆகவே டிக்கட் வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிற அன்றே, தகப்பனும் பக்கத்தில் இருக்கும்போதே, பதிவை முடித்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம். இரண்டாவது பயணத்துக்கான பஸ் காசுதான் பல பிள்ளைகளின் பத்திரத்தில் கோடாக விழுந்திருக்கிறது.

அந்த நேரத்தில் தகப்பன் கொழும்பில் கடை வேலையிலோ வெளிநாட்டிலோ இருந்தால்? பிள்ளையைப் பதியாமல் வைத்திருக்காதீர்கள். தாய் மட்டும் போய்ப் பதியலாம். தகப்பன் இடம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். பத்திரமே இல்லாத பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஓ.எல். பரீட்சைக்கு முன் எடுக்கும் அடையாள அட்டை வரைக்கும் இழுபறி. தகப்பன் இடம் வெறுமையான பத்திரத்தைப் பிறகு சீர்செய்ய வழி இருக்கிறது.

இனிஷியல்

தமிழரல்லாதவர்களுக்கு இந்தக் கையெழுத்தின் கனம் அவ்வளவாகப் புரியாது. நமக்குப் பரம்பரைப் பேர் கிடையாது. அப்பா பேர்தான் முன்னால் வரும். வகுப்பில் புதுப் பிள்ளையிடம் பேரைக் கேட்டால் அடுத்த கேள்வி, "இனிஷியல் என்ன?" தகப்பன் பேர் இல்லாத பிள்ளை அந்த இடத்தில் தரையைப் பார்க்கும். தாயின் பேரை முன்னால் போட்டுக்கொள்வதில் ஒரு தடையும் இல்லை, நானே பலருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் "அப்பன் பேர் தெரியாதவன்" என்ற வசவு எங்கள் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பயந்துதான் பலர் ஒரு பெரிய தவறைச் செய்கிறார்கள்.

என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். பத்திரத்தைப் பார்த்தேன். தகப்பன் பேர் இருந்தது. வயதைப் பார்த்ததும் சந்தேகம். விசாரித்தால் அது தாயின் தகப்பன் பேர். தாத்தாவை அப்பாவாக்கி, பாட்டியை அம்மாவாக்கி எழுதியிருந்தார்கள். காகிதத்தின்படி அந்தப் பையனும் அவனைப் பெற்றவளும் அக்கா தம்பி. குடும்ப மானத்தைக் காப்பாற்றச் செய்த காரியம்தான். தாய் பிறகு வெளிநாட்டுக்குப் போய் உழைத்து வந்தாள். பிள்ளை தன்னுடையது என்று காட்ட அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அதைத் திருத்த அவள் அலைந்த அலைச்சலைப் பார்த்தபோது, கோடு போட்ட பத்திரம் எவ்வளவோ மேல் என்று தோன்றியது. பதிவாளரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமும்கூட.

வெறுமையாக இருக்கும் இடத்தைப் பிறகு நிரப்பலாம். பொய்யாக நிரப்பிய இடத்தைப் பிறகு திருத்துவது மலையேறுவது போல.

கையெழுத்து தருவதும் தராததும்

இங்கேதான் படித்தவர்களே குழம்புகிறார்கள். அப்பா பேர் ஏறிவிட்டது, இனி எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். நான்கு வேறு வேறு விஷயங்களை நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்: பேர், சாப்பாடு, சொத்து, சட்டபூர்வப் பிள்ளை என்ற அந்தஸ்து. பதிவேட்டுக் கையெழுத்து பேரைத் தரும். சாப்பாட்டுச் செலவைக் கேட்க வலுவான சாட்சியாக நிற்கும். மற்ற இரண்டையும் அது தானாகக் கொண்டு வராது.

அந்தஸ்து மாற வேண்டுமானால் பெற்றோர் மணமுடிக்க வேண்டும். பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அதன்படி, ஓர் ஆணும் பெண்ணும் சட்டப்படி மணமுடித்தால், அதற்கு முன் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் சட்டபூர்வப் பிள்ளைகளாகிவிடுவார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தாலும் பதினைந்து வயதாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு விவாகப் பத்திரத்தை வைத்து பிறப்புப் பதிவிலும் திருத்தம் செய்யலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கட்டளைச் சட்டத்தில் ஒரு விலக்கு எழுதப்பட்டிருந்தது. பிள்ளை கருவானபோது அந்த ஆணுக்கோ பெண்ணுக்கோ வேறொரு சட்டபூர்வத் துணை இருந்திருந்தால், பிற்பாடு செய்யும் மணம் அந்தப் பிள்ளையைச் சட்டபூர்வமாக்காது என்று. பிள்ளை செய்த குற்றம் எதுவுமில்லை, ஆனாலும் தண்டனை பிள்ளைக்கு. நூறு வருஷத்துக்கு முந்திய அந்த விலக்கு எனக்கு உடன்பாடில்லை. அப்படியொரு நிலை இருந்தால், இன்றைய சட்டம் என்ன சொல்கிறது என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

அப்படியானால் கோயிலில் கட்டிய தாலிக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. பதிவு என்பது மணத்துக்குச் சிறந்த சாட்சி. அது இல்லாவிட்டால் மணமே இல்லை என்று இலங்கை நீதிமன்றங்கள் சொல்வதில்லை. சடங்கு முறைப்படி நடந்த மணத்தையும், கணவன் மனைவியாக நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்து ஊரும் அப்படியே ஏற்றுக்கொண்ட குடும்பத்தையும் மணமாகக் கருத நம் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதை நிரூபிக்க வழக்குப் போட்டு, குருக்களையும் சீர் கொண்டுவந்த தாய்மாமனையும் கூண்டில் ஏற்ற வேண்டும். யாராவது செத்துப்போய்ச் சொத்துத் தகராறு வந்த பிறகுதான் வழக்கமாக இது நடக்கிறது. பதிவாளர் மேசையில் தாலியைக் காட்டி எதையும் எழுத வைக்க முடியாது. தாலி கட்டிய தம்பதிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வசதிப்படும் ஒரு நாள் போய்ப் பதிந்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேரப்பிள்ளை பிறந்த பிறகு பதிந்தவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். தேசவழமை பற்றிக் கேட்பார்கள். அது யாழ்ப்பாணத் தமிழருக்கு உரிய வழக்குச் சட்டம். கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கு. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். மலையகத் தமிழர் நாட்டின் பொதுச் சட்டத்தின் கீழ்தான் வருகிறோம்.

முதல் புருஷன் காகிதத்தில் இருந்தால்

இது மிகவும் சிக்கலான இடம், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு பெண் பதினெட்டு வயதில் பதிவுத் திருமணம் செய்தாள். மூன்று வருஷத்தில் பிரிந்தார்கள். விவாகரத்து எடுக்கவில்லை, அதற்கு மாவட்ட நீதிமன்றம், லோயர், காசு. பிறகு வேறொருவரோடு குடும்பம் நடத்தி ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்கு யார் தகப்பன்? ஊருக்கெல்லாம் பதில் தெரியும். சட்டத்தின் பதில் வேறு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 112ஆம் பிரிவில், செல்லுபடியான மணம் நிலைத்திருக்கும் காலத்தில் பிறந்த பிள்ளை அந்தக் கணவனுடையதே என்று அடித்துச் சொல்கிறது. மணம் முறிந்த பின் 280 நாட்களுக்குள் பிறந்தாலும், தாய் மறுமணம் செய்யாதிருந்தால், அப்படியே. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்றோ, கணவன் ஆண்மையற்றவன் என்றோ நிரூபித்தால் மட்டும் அது உடையும்.

ஆகவே இந்தப் பெண்ணும் அவளோடு இப்போது வாழ்கிறவரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டாலும், முதல் விவாகம் பதிவில் உயிரோடு இருக்கும்வரை, அது சாதாரணக் கையெழுத்து வேலை அல்ல. இங்கே சட்டத்தரணியின் ஆலோசனை வேண்டும். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் அலுவலகங்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தை அண்டித்தான் இருக்கும். விஷயத்தை மறைத்து, "நான் கல்யாணமே கட்டவில்லை" என்று சொல்லிப் பதிந்துவிடலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால் கேட்காதீர்கள். தாத்தாவை அப்பாவாக்கிய கதைதான் அதுவும்.

தகப்பன் மறுத்தால்

ஒரு ஆண் டீக்கடையிலிருந்து வர மறுக்கிறான். அல்லது தோட்டத்தையே விட்டு ஓடிவிட்டான். அப்போது இரண்டாவது வழி, நீதிமன்றம்.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ், மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கும் செலவுக்குப் பணம் கேட்கலாம். நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். தாய்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. தாய் வெளிநாட்டில் இருக்க, பிள்ளையை வளர்க்கிற பாட்டியும் பிள்ளை சார்பில் கேட்கலாம். பழைய 1889ஆம் ஆண்டுச் சட்டம் கொஞ்சம் கொடுமையானது. பிள்ளை பிறந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற கெடு அதில் இருந்தது. தகப்பன் இடையில் செலவுக்குக் கொடுத்திருந்தால்தான் தளர்வு. பச்சை உடம்புக்காரி எந்தத் தைரியத்தில் கோர்ட்டுக்குப் போவாள்? அந்தக் கெடு இப்போது இல்லை. ஆனால் ஊரில் இன்னும் பலர் "ஒரு வருஷம் தாண்டிருச்சு, இனி கேஸ் எடுபடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1999இல் செத்துப்போன விதியை லயத்தில் இன்னும் சோறு போட்டு வளர்க்கிறோம்.

நீதவான் வெறும் பேச்சை ஏற்கமாட்டார். இவன்தான் தகப்பன் என்று நம்பத்தக்க வலுவான சாட்சியம் கேட்பார். எது சாட்சி? பிறப்புப் பதிவில் அவன் போட்ட கையெழுத்து முதலில் வரும். அது இல்லாவிட்டால், கிளினிக் கார்டில் கணவன் என்று எழுதிய பேர், ஒன்றாக வாழ்ந்ததைக் கண்ட அயலவர், பிள்ளைக்குக் காசு அனுப்பிய ரசீது, போனில் கிடக்கும் மெசேஜ்கள். அவற்றை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அவன் படத்தையெல்லாம் அழித்துவிட்டு வந்து நிற்கிற பெண்களைப் பார்க்கும்போது அடிவயிறு பற்றும். டி.என்.ஏ. பரிசோதனையும் உண்டு. செலவு அதிகம், ஆனால் மறுக்கிறவன் வாயை அடைக்க அதைப்போல வேறில்லை.

கட்டளை வந்த பிறகும் கட்டாமல் ஏய்த்தால் பிடியாணை வரும். சம்பளத்திலிருந்து கழிக்கச் சொல்லி வேலை கொடுப்பவருக்கே நீதிமன்றம் உத்தரவிடலாம். தோட்டத்தில் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பேர் இருக்கிறவனுக்கு இது நன்றாக வேலை செய்யும். நாட்கூலிக்குக் கொழும்பில் கட்டட வேலை செய்கிறவனைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

18 வயது வரைக்கும் பிள்ளைக்குத் தாபரிப்பு உண்டு. தன் காலில் நிற்க முடியாமல் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு 25 வயது வரை கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஏழு பேர்ச் காணி

என் அம்மா காலத்தில் சொத்துரிமை பற்றிப் பேச ஒன்றுமில்லை. லயம் கம்பனியுடையது. பங்கு பிரிக்க இருந்தது இரண்டு பித்தளைக் குடமும் ஓர் அம்மிக்கல்லும்தான். இப்போது நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. ஏழு பேர்ச் காணிக்கு உறுதி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதியில் முப்பது வருஷச் சேமிப்பு இருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வியும் வந்துவிட்டது: மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்குத் தகப்பன் சொத்து வருமா?

தகப்பன் ஒன்றும் எழுதி வைக்காமல் இறந்தால், வராது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதை மூடிமறைக்காமல் சொல்கிறது. அப்படிப் பிறந்த பிள்ளைகள் தாயின் சொத்துக்கு வாரிசு, தகப்பன் சொத்துக்கு அல்ல. பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் கையெழுத்து இருந்தாலும் அப்படித்தான். நம் பொதுச் சட்டத்தின் அடியில் கிடப்பது ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம். எந்தத் தாயும் முறைகேடான பிள்ளையைப் பெறுவதில்லை என்று அதில் ஒரு பழைய வாக்கு உண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் சட்டம் கேள்வி கேட்பதில்லை, கேள்வியெல்லாம் தகப்பன் பக்கம்தான். பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலராகவும் தாயையே சட்டம் பார்க்கிறது.

இதற்கு மருந்து சுலபம். ஒன்று, பெற்றோர் மணமுடித்துவிடுவது. முடியாவிட்டால் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மரண சாசனம் எழுதுவது. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகள், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். நன்கொடை உறுதியாகவும் எழுதிக் கொடுக்கலாம். சேமலாப நிதிக்கு, யாருக்குப் போகவேண்டும் என்று நியமனம் எழுதி வைக்கிற படிவம் இருக்கிறது. அதில் பிள்ளை பேரை எழுதலாம். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தன் அம்மா பேரை எழுதிக் கொடுத்துவிட்டு, அதை மறந்தே போனவர்கள் தோட்டத்தில் ஏராளம்.

பிரஜாவுரிமைப் பயம்

வயதானவர்களிடம் ஒரு பயம் இருக்கிறது. அப்பா பேர் இல்லாவிட்டால் பிள்ளை நாடற்றவனாகிவிடுமாம். இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், தகப்பனின் தகப்பன் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டுத்தான் எங்கள் சனத்தை வெளியே தள்ளியது. நம் பிறப்புப் பத்திரத்தில் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தார்களா என்று கேட்கும் கட்டங்கள் இருப்பதும் அந்தக் கணக்குக்காகத்தான். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் சனத்தை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், கப்பலேறிப் போனவர்கள், பத்திரத்துக்காகக் காத்துக் கிடந்தவர்கள். காகிதத்தைக் கண்டால் பயப்படுவது எங்கள் தாத்தா பாட்டிமார் விட்டுப்போன சீதனம்.

ஆனால் இன்று அந்தப் பயத்துக்கு இடமில்லை. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, தாயோ தகப்பனோ ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் பிள்ளையும் பிரஜை. அதே ஆண்டில் வந்த 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. பழைய சட்டத்திலேயே, மணமாகாமல் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் என்ற இடத்தில் தாயைத்தான் வைத்துப் பார்த்தார்கள். கோடு போட்ட பத்திரம் பிள்ளையின் பிரஜாவுரிமையைப் பறிக்காது.

சின்ன வயதுத் தாய்

இதைச் சொல்லாமல் விட முடியாது. மணமுடிக்கும் வயது 1995 முதல் 18. அதற்குக் குறைந்தவர்கள் பதிவுத் திருமணம் செய்ய முடியாது. பெண் 16 வயதுக்குக் குறைந்தவளாக இருந்தால் அவள் சம்மதித்தாள் என்று சொன்னாலும் அது பாலியல் வல்லுறவுக் குற்றம். ஆஸ்பத்திரியிலிருந்து பொலிசுக்குத் தகவல் போகும். அந்த நிலையில் ஆண் கையெழுத்துப் போட வரமாட்டான். வீட்டார் பெண்ணின் வயதைக் கூட்டிச் சொல்லப் பார்ப்பார்கள். இரண்டும் நடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் சொல்வது, பிள்ளையைத் தாய் பேரில் உடனே பதியுங்கள், மற்றதை வழக்கு பார்த்துக்கொள்ளும். பாட்டி மடியில் போட்டு மறைக்காதீர்கள்.

போகும்போது தாயும் தகப்பனும் இரண்டு பேரின் அடையாள அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்பு அறிக்கை வேண்டும். இருவரின் பிறப்புப் பத்திரமும் கையிலிருந்தால் நல்லது, ஏனென்றால் நம்மவர்களுக்குப் பேர் ஓரிடத்தில் இருப்பதுபோல இன்னோரிடத்தில் இருக்காது. செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், சேமலாப நிதியில் இன்னொன்று. எழுதி முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அன்றைக்கு அந்தத் தகப்பன் கையெழுத்துப் போடக் குனிந்தவர், பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கொழுந்துக் கறை ஏறிய விரலால் தன் பேரை எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு வந்தார். "ஐயா, இங்க ஒரு கொம்பு வுட்டுப்போச்சு" என்றார். பதிவாளர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, சரிதான் என்று திருத்தி, பக்கத்தில் சிறு ஒப்பம் வைத்தார். அதன் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார். அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.